‘பொதுப் பார்வை’: ஒரு சட்டச் சொல்லும் நாம் நின்ற வாசலும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். இன்று எவர் நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்தத் தோழர் அதை விரும்பியிருக்க மாட்டார். மனு எழுதுவதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் அவர். பட்டா மனு, சுடுகாட்டுப் பாதை மனு, வன்கொடுமைப் புகார் என்று அவர் கையெழுத்து போகாத அலுவலகம் எங்கள் மாவட்டத்தில் இல்லை. அவர் கடைசிவரை மல்லுக்கு நின்ற ஒரு சொல்லைப் பற்றிப் பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நாங்கள் நினைத்தோம். அது ஆங்கிலச் சொல். ‘பப்ளிக் வியூ’. தமிழில் ‘பொதுப் பார்வை’ என்கிறோம். இரண்டே சொற்கள். நம் மக்களின் எத்தனையோ வழக்குகள் இந்த இரண்டு சொற்களில் தடுக்கி விழுந்திருக்கின்றன.

முதலில் எங்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

வீட்டில் வைத்தா, வாசலில் வைத்தா?

கரும்பு வெட்டிய கூலி பாக்கி. காலனியைச் சேர்ந்த ஓர் அக்கா அதைக் கேட்க நிலக்காரர் வீட்டுக்குப் போகிறார். சாயங்கால நேரம். பால் ஊற்ற வந்தவர்கள் தெருவில் போய்க்கொண்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நிலக்காரர் சாதிப் பெயரைச் சொல்லி, காதால் கேட்க முடியாத வார்த்தைகளால் திட்டி அனுப்புகிறார்.

இரவு காவல் நிலையம் போனோம். “எங்க வச்சும்மா திட்டுனாரு?” என்று எழுதுகிறவர் கேட்டார். “அவரு வூட்டுக்குப் போயி கேட்டேன், அங்கதான்” என்றார் அக்கா. முதல் தகவல் அறிக்கையில் அது எப்படி ஏறியது தெரியுமா? ‘மேற்படி எதிரியின் வீட்டில் வைத்து வாதியைச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியதாக.’ திண்ணையில் இருந்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. பால்காரர்கள் இல்லை. தெருவே இல்லை. அக்கா கைநாட்டு வைத்தார். வாசித்துக் காட்டும்படி நாங்களும் கேட்கவில்லை. அது எங்கள் தவறு.

எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட்டது. சம்பவம் வீட்டுக்குள் நடந்ததாக அறிக்கையே சொல்கிறது, பொதுமக்கள் யாரும் இருந்ததாக இல்லை, எனவே குற்றத்தின் அடிப்படைக் கூறே இல்லை என்றது. வழக்கு ரத்தானது. இந்தச் செய்தியைச் சொன்னபோது அந்த அக்கா கேட்ட கேள்விதான் இன்றைய பேச்சின் கரு. “அந்த வூட்டுக்குள்ள என்னை யாருப்பா வுட்டது?”

தலைமுறை தலைமுறையாக நாம் வாசலில் நின்றவர்கள். படியேறியதில்லை. நம்மை உள்ளே விடாத வீட்டுக்குள் வைத்து நம்மைத் திட்டியதாக அரசாங்கக் காகிதம் சொல்கிறது. அதை நம்பிய நீதிமன்றம், உள்ளே நடந்ததால் குற்றமில்லை என்கிறது. ‘வீட்டில்’ என்பதற்கும் ‘வீட்டு வாசலில்’ என்பதற்கும் இடையே இருந்த ஒரு சொல்லில் வழக்கு போயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

1989இல் இயற்றப்பட்டு 1990 ஜனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்தது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். தொடக்கத்தில் பிரிவு 3(1)(10) என்று நாம் சொல்லிவந்தது, 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு 3(1)(ஆர்) ஆனது. அதோடு 3(1)(எஸ்) என்று புதிதாக ஒன்றும் சேர்ந்தது. முதலாவது, பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவரை இழிவுபடுத்தும் எண்ணத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது அல்லது மிரட்டுவது. இரண்டாவது, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது. இரண்டுக்கும் ஒரே நிபந்தனை: ‘இன் எனி ப்ளேஸ் விதின் பப்ளிக் வியூ’. அதாவது, பொதுப் பார்வைக்கு உட்பட்ட ஏதேனும் ஓர் இடத்தில். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

இந்தச் சொற்றொடருக்குச் சட்டத்தில் விளக்கம் கிடையாது. ‘வன்கொடுமை’, ‘புறக்கணிப்பு’ போன்றவற்றுக்கு வரையறை உண்டு. ‘பொதுப் பார்வை’க்கு இல்லை. ஆகவே அதன் பொருளை ஒவ்வொரு வழக்காக நீதிமன்றங்களே சொல்லிவருகின்றன.

இந்த நிபந்தனை இல்லாமலும் சட்டம் எழுத முடியும் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955. அதன் 7(1)(டி) பிரிவு தீண்டாமையின் அடிப்படையில் ஒருவரை அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. எங்கே வைத்து, யார் பார்க்க என்ற கேள்வியே அதில் இல்லை. ஆனால் தண்டனை 1 மாதம் முதல் 6 மாதம், அபராதம் 100 முதல் 500 ரூபாய். தண்டனை கடுமையான சட்டம் வந்தபோது இந்த நிபந்தனையும் கூடவே வந்து சேர்ந்தது.

இடமா, கூட்டமா?

காவல் நிலையங்களில் இந்தச் சொற்றொடரைப் பெரும்பாலும் ‘பொது இடத்தில்’ என்றே புரிந்துகொள்கிறார்கள். நம் தோழர்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பிழை. இந்தப் பிழையை உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியிருக்கிறது.

2008 ஆகஸ்டில் நீதிபதிகள் அல்தமஸ் கபீர், மார்க்கண்டேய கட்ஜு அமர்வு வழங்கிய தீர்ப்பு நாம் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஒன்று. ஒரு வீட்டு வளாகத்தின் வாயிலருகே நிறுத்தியிருந்த காரின் பக்கத்தில் நின்றவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டிய வழக்கு அது. நீதிமன்றம் சொன்னது: ‘பொது இடம்’ வேறு, ‘பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம்’ வேறு. பொது இடம் என்பது பொதுவாக அரசுக்கோ நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ சொந்தமானது. பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம் தனியாருக்குச் சொந்தமானதாகவும் இருக்கலாம். வீட்டுக்கு வெளியே உள்ள புல்வெளி, மதில் சுவருக்கு அப்பால் சாலையிலோ சந்திலோ இருப்பவர் பார்க்கக்கூடியதாக இருந்தால் அது பொதுப் பார்வைக்கு உட்பட்டதே. வாயிலும் அப்படித்தான். கட்டடத்துக்கு உள்ளே என்றாலும், உறவினர்களும் நண்பர்களும் மட்டுமல்லாமல் பொதுமக்கள் சிலர் அங்கே இருந்தால் அதுவும் குற்றமே.

இதை நிதானமாகப் படியுங்கள். வெளியிடத்துக்கு ஓர் அளவுகோல்: அந்த இடம் பார்வைக்குத் திறந்திருக்கிறதா? உள்ளிடத்துக்கு வேறோர் அளவுகோல்: வெளியார் யாராவது அங்கே இருந்தார்களா? ‘உறவினர் மட்டும் இருந்தால் போதாது’ என்பது உள்ளிடத்துக்குச் சொன்னது. சட்டத்தின் சொற்கள் இடத்தைப் பற்றிப் பேசுகின்றன. கூட்டம் கூடியிருக்க வேண்டும் என்று அவை கேட்கவில்லை.

நடைமுறையில் நடப்பதோ வேறு. தெருவில் நடந்த சம்பவத்துக்கும் ‘சாட்சிகள் எல்லாரும் உறவினர்கள்தானே’ என்று கேட்கிறார்கள். உள்ளிடத்தின் அளவுகோலை வெளியே கொண்டுவந்து நம் தெருவின்மேல் வைக்கிறார்கள். 2004இல் தில்லி உயர் நீதிமன்றம், அங்கே இருக்கும் பொதுமக்கள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் எந்தத் தரப்போடும் தொடர்பில்லாத நடுநிலையாளர்களாக இருக்க வேண்டும் என்றது. நம் காலனியை நினைத்துப் பாருங்கள். தெரு முழுக்க மாமன், மச்சான், சித்தப்பன், பெரியம்மா. நாம் விரும்பியா இப்படிக் குடியிருக்கிறோம்? ஊர் நம்மை ஒரே இடத்தில் ஒதுக்கி வைத்தது. வெளியே பெண் கொடுக்கவும் எடுக்கவும் விடாமல் சாதி தடுத்தது. அப்படி உருவான தெருவில் நின்று ஒருவன் கத்திவிட்டுப் போனால், கேட்ட ஐம்பது பேரும் ‘உறவினர்கள்’. சாதி கட்டிய சுவரே சாதிக் குற்றவாளிக்குப் பாதுகாப்பாகிறது.

கொலை வழக்கில்கூட உறவினர் என்ற ஒரே காரணத்துக்காகச் சாட்சியை ஒதுக்கக் கூடாது என்று 1953இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓர் உயிரைப் பறித்த வழக்கில் தாயின் சாட்சி செல்லும். மானத்தைப் பறித்த வழக்கில் மட்டும் அண்டை வீட்டுச் சித்தப்பாவின் காது ஏன் காதாக இல்லை?

மூடிய கதவுகள்

இனி உள்ளிடம். 2020 நவம்பரில் உத்தராகண்ட் வழக்கு ஒன்றில் மூன்று நீதிபதிகள் அமர்வு, வீட்டின் நான்கு சுவர்களுக்குள் வெளியார் யாருமில்லாதபோது நடந்த வசவு பொதுப் பார்வையில் நடந்ததாகாது என்று கூறி, அந்தப் பிரிவின் கீழான குற்றப்பத்திரிகையை ரத்து செய்தது. அந்தப் பெண்ணைத் திட்டியவர்கள் அவர் வீட்டுக்குள் புகுந்து திட்டினார்கள் என்பதே புகார். 2023 மே மாதம் உத்தரப் பிரதேச வழக்கில், சம்பவத்தின்போது புகார்தாரர், அவர் மனைவி, மகன் மட்டுமே இருந்தார்கள் என்பதும், என்ன சொல்லித் திட்டினார் என்பது அறிக்கையில் இல்லை என்பதும் காரணங்களாயின.

2025 ஜனவரி 31 அன்று வந்தது நம் தமிழ்நாட்டு வழக்கு. திருச்சி மாவட்டம் லால்குடிப் பகுதி. பட்டாவில் தன் தந்தை பெயர் சேர்ப்பது பற்றிய மனு என்னாயிற்று என்று கேட்கப்போனவர், பட்டியல் சாதியைச் சேர்ந்த வருவாய் ஆய்வாளரை அவர் அலுவலகத்திலேயே சாதிப் பெயர் சொல்லித் திட்டினார் என்பது குற்றச்சாட்டு. சக ஊழியர்கள் மூவர் பிறகு வந்து சமாதானப்படுத்தினார்கள் என்று அறிக்கை சொன்னது. அந்தப் ‘பிறகு’தான் வழக்கை முடித்தது. அறைக்குள் நடந்தது, சொன்ன நேரத்தில் வெளியார் இல்லை, எனவே பொதுப் பார்வை இல்லை என்று உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

நீதிபதிகளின் தர்க்கத்தை நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். இது தண்டனைச் சட்டம். முன்ஜாமீனுக்கே தடை உள்ள சட்டம். இப்படிப்பட்ட சட்டத்தில் எழுதியிருக்கும் ஒவ்வொரு கூறும் புகாரில் இருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. நாளை நம் பிள்ளைகள்மீது வேறொரு சட்டம் பாயும்போது நாமும் அதையே கேட்போம். நம் சண்டை அந்தக் கோட்பாட்டோடு அல்ல. அவமதிப்பு எங்கே நடக்கும் என்பதை அவமதிப்பவனே முடிவு செய்கிறான் என்பதைச் சட்டம் கவனிக்கவில்லை என்பதோடுதான்.

படித்து வேலைக்குப் போன தலைமுறைக்கு அவமானம் தெருவில் மட்டும் நடப்பதில்லை. மேலதிகாரியின் அறையில், ஆய்வு மாணவரின் நெறியாளர் அறையில், தொலைபேசியில், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குச் சமையலறையில் நடக்கிறது. பார்க்க யாருமில்லை என்பது இங்கே தற்செயல் அல்ல. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுகிறார்கள். ‘நாலு பேர் முன்னால் சொன்னால்தான் அவமானம்’ என்பது மானத்தைப் பற்றிய ஒரு கருத்து. ஆனால் நான்கு சுவருக்குள் சொல்லப்பட்ட சாதிப் பெயரும் ஓர் ஆளை வேலையை விட்டு ஓடவைக்கும், படிப்பை விடவைக்கும், கயிற்றைத் தேடவைக்கும்.

பார்வை விரிந்த தீர்ப்புகளும் உண்டு. 1990களில் கேரளத்தில், முதலமைச்சராக இருந்த இ.கே.நாயனார் சட்டமன்ற உறுப்பினர் எம்.ஏ.குட்டப்பனைப் பற்றி மேடையில் பேசிய வழக்கில், அவமதிக்கப்பட்டவர் அந்த இடத்தில் நேரில் இருந்திருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கருதியது. அதே நீதிமன்றம் 2022 ஜூலையில், யூடியூபில் ஏற்றிய பேச்சை ஒருவர் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது பொதுப் பார்வையில் நடப்பதே என்றது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரத்தின் தாராஷிவ் மாவட்டத்தில் ஒரு குடும்பத்தை அவர்கள் வீட்டுக்கு வெளியே சாதிப் பெயர் சொல்லித் திட்டித் தாக்கிய வழக்கில், வீட்டுக்கு வெளியே உள்ள இடம் யாரும் பார்க்கக்கூடியதே என்று சொல்லி, உயர் நீதிமன்றம் கொடுத்த முன்ஜாமீனை ரத்து செய்தது. சொல் ஒன்றுதான். அதை நம் பக்கம் திருப்பவும் இடம் இருக்கிறது.

‘பொது’ யாருடையது?

‘பொது’ என்ற சொல்லோடு நமக்கு இருக்கும் சண்டை பழையது. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எல்லாம் நமக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பெயரிலேயே பொது இருந்தும் அதில் நாம் இல்லை.

மகாத்திலும் அதுவே நடந்தது. நகராட்சி 1924இல் சவுதார் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் தண்ணீர் எடுத்தார்கள். சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? அடித்தார்கள். பிறகு நீதிமன்றம் போய், இந்தக் குளம் பொதுக் குளமே அல்ல என்று வாதாடினார்கள். 1927 டிசம்பரில் இடைக்காலத் தடையும் வாங்கினார்கள். அந்த வழக்கு 1937 மார்ச் 17 அன்றுதான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு குளம் பொதுவா இல்லையா என்பதற்குப் பத்து ஆண்டுகள்.

அன்று, நாம் தொட வந்தபோது ‘இது பொது அல்ல’ என்றார்கள். இன்று, நாம் புகார் கொடுக்க வந்தால் ‘இது பொது அல்ல’ என்கிறார்கள். ஆனால் பாபாசாகேபின் உழைப்பில் உருவான அரசியலமைப்பின் 17ஆவது பிரிவைப் பாருங்கள். தீண்டாமை எந்த வடிவில் கடைப்பிடிக்கப்பட்டாலும் அது தடைசெய்யப்பட்டது என்கிறது அது. பொது இடத்தில் என்று சொல்லவில்லை. நான்கு பேர் பார்க்க என்று சொல்லவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கவில்லை. எனவே 3(1)(எஸ்) பிரிவிலிருந்து இந்த நிபந்தனையை நீக்க வேண்டும் என்பதும், குறைந்தபட்சம் பணியிடம், கல்வி நிலையம், தொலைபேசி, இணையம் ஆகியவற்றை உள்ளடக்கும் விளக்கம் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதும் நம் கோரிக்கைகளாக வேண்டும். சட்டத்தை 2018இல் தெருவில் நின்று மீட்டவர்கள் நாம். இதையும் கேட்கலாம்.

அதுவரை என்ன செய்வது?

மனு எழுதும் தோழர்களுக்கு, குறிப்பாகச் சட்டம் படிக்கும் மாணவர்களுக்குச் சில சொல்கிறோம். இவை அந்தத் தோழர் தன் நோட்டில் எழுதிவைத்திருந்த கேள்விகளிலிருந்து வந்தவை.

புகாரைக் காவல் நிலையத்தில் வாயால் சொல்வதற்கு முன் வீட்டிலேயே எழுதிவிடுங்கள். இடத்தைப் படம் வரைவதுபோல எழுதுங்கள். வாசலா, திண்ணையா, களமா? சாலையிலிருந்து எத்தனை அடி? இடையே மதில் உண்டா, அது எவ்வளவு உயரம்? அறை என்றால் கதவு திறந்திருந்ததா, வெளியே யார் காத்திருந்தார்கள்? யார் யார் இருந்தார்கள் என்பதைச் சொன்ன நேரத்தோடு சேர்த்து எழுதுங்கள். பிறகு வந்தவரைப் ‘பிறகு வந்தவர்’ என்றே எழுதுங்கள். உறவினர் அல்லாதவர், வேறு சாதியினர், கடைக்காரர் யாராவது இருந்தால் விடாதீர்கள். திட்டிய சொற்களை அப்படியே எழுதுங்கள். எழுதக் கூசும். ‘அசிங்கமாகத் திட்டினார்’ என்று எழுதினால் வழக்கு நிற்காது.

இல்லாத சாட்சியை ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒரு பொய்ச் சாட்சி உண்மையான பத்துப் பேரையும் பொய்யராக்கிவிடும். அடுத்த ஊர் வழக்கையும் அது கெடுக்கும்.

வாய்மொழியாகச் சொன்னதை எழுதிய பின், கையெழுத்து வாங்குவதற்கு முன் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டத்தின் 4ஆவது பிரிவு அதிகாரிக்கு விதித்துள்ள கடமை. நகல் கொடுப்பதும் கடமை. ‘வீட்டில்’ என்று எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்தி ‘வீட்டு வாசலில்’ என்று திருத்தச் சொல்லுங்கள். ஜாமீன் மனுவானாலும் வேறு விசாரணையானாலும் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் பெறவும் பேசவும் 15ஏ பிரிவு உரிமை தருகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, இந்த இரண்டு உட்பிரிவுகளை மட்டும் நம்பி நிற்காதீர்கள். பொதுப் பார்வை தேவைப்படாத குற்றங்கள் சட்டத்தில் பல உண்டு. மிரட்டல், தாக்குதல், பெண்ணை மானபங்கம் செய்தல் போன்றவை, எதிராளியின் சாதி தெரிந்தே செய்யப்பட்டால் 3(2)(விஏ) பிரிவில் வரும். பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ முன்பே அறிந்தவர் என்றால், சாதி தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 8(சி). சமூகப் புறக்கணிப்புக்கு 3(1)(இசட்சி). பாதையை, நீர்நிலையை மறிப்பதற்கு 3(1)(இசட்ஏ). நடந்தது எதுவோ அதற்குரிய பிரிவு எதுவோ, அதைக் கேளுங்கள்.

அந்த அக்கா இப்போதும் கரும்பு வெட்டப் போகிறார். வழக்கு தோற்றபின் அவர் எங்கள்மேல் கோபப்படவில்லை. ஆனால் அவர் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த முறை ஒருவர் நம்மிடம் வந்து நடந்ததைச் சொல்லும்போது, பேனாவை எடுப்பதற்கு முன் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: “எங்க நின்னீங்க?” அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுவோம். நம்மை வாசலில் நிறுத்தியது அவர்கள். அது வாசல்தான் என்று எழுதவைப்பது நம் வேலை.